பசிக்கு மிருக முகம்: ஜாங் யிமூவின் ‘தி கிரேட் வால்’ குறித்து

1

ஒரு படம் தேறவில்லை என்று சொல்ல ஒரு கட்டுரை எழுத வேண்டியதில்லை. கொட்டகையை விட்டு வெளியே வரும்போதே சொல்லிவிடலாம். ஜாங் யிமூ இயக்கி 2016 டிசம்பரில் சீனாவிலும் 2017 பிப்ரவரியில் அமெரிக்காவிலும் வெளியான ‘தி கிரேட் வால்’ பற்றி அப்படித்தான் சொன்னார்கள். கதையில் சத்து இல்லை. வருகிறவர்கள் எல்லோரும் அட்டை மனிதர்கள். கம்ப்யூட்டரில் செய்த மிருகங்கள் கம்ப்யூட்டரில் செய்த மிருகங்களாகவே தெரிகின்றன. போதாக்குறைக்கு, சீனாவைக் காப்பாற்ற ஒரு வெள்ளைக்காரன் வரவேண்டியிருக்கிறது. இவை எல்லாமே சரியான புகார்கள்தான்.

ஆனாலும் இத்தோடு விட்டுவிட எனக்கு மனசில்லை. ‘ரெட் சோர்கம்’, ‘ஜூ டூ’, ‘ரெய்ஸ் தி ரெட் லான்டர்ன்’, ‘டு லிவ்’ ஆகிய படங்களை எடுத்தவர் எடுத்த படம் இது. சீனத்தின் விவசாயியையும் சாயப்பட்டறைக்காரியையும் நிழற்பாவைக் கூத்தாடியையும் முகமும் பெயருமாக உலகத் திரையில் நிறுத்தியவர். அவர் 15 கோடி டாலர் செலவில் ஒரு சுவரைக் கட்டி, அதன்மேல் பெயரற்ற ஒரு படையை நிறுத்தி, கீழே பசித்த மிருகங்களை ஏவிவிட்டிருக்கிறார். ‘ஏன் இப்படி ஆனார்?’ என்று பெருமூச்சு விடுவது சுலபம். இந்தப் பிரதி எதை மறைத்து எதைக் காட்டுகிறது என்று பார்ப்பதுதான் உருப்படியான வேலை.

முதலில் கதை. சோங் வம்சத்தின் பேரரசர் ரென்சோங் காலம். வெடிமருந்தைத் திருடிக்கொண்டு போகலாமென்று ஐரோப்பாவிலிருந்து வரும் கூலிப்படை வீரர்கள் வில்லியம் (மாட் டேமன்), டோவர் (பெட்ரோ பாஸ்கல்) இருவரும் பெருஞ்சுவரில் மாட்டிக்கொள்கிறார்கள். அங்கே ‘பெயரற்ற படை’ என்றொரு பெருஞ்சேனை காவல் நிற்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை ‘தாவ்தியே’ என்னும் மிருகங்கள் மலையிலிருந்து இறங்கி வந்து சுவரை மோதுகின்றன. அவற்றுக்கு ஒரு ராணி உண்டு. மற்றவை தின்பதெல்லாம் ராணிக்கு உணவு கொண்டுபோய்ச் சேர்க்கத்தான். சண்டை நடக்கிறது. சுவரைக் குடைந்துகொண்டு மிருகங்கள் தலைநகர் பியன்லியாங்குக்குப் போய்விடுகின்றன. வில்லியமும் தளபதி லின் மேயும் (ஜிங் தியன்) ராணியை வெடிவைத்துக் கொல்கிறார்கள். மிச்சமிருக்கும் மிருகங்கள் எல்லாம் அப்படியே சரிந்து விழுகின்றன. சுபம்.

இந்தக் கதையில் எனக்குப் படும் முக்கியமான விஷயம் ஒன்று. மேலே உட்கார்ந்திருப்பவனின் பேராசையைத் திட்டுவதற்காகப் பிறந்த ஒரு பெயரை எடுத்து, வெளியே நிற்பவற்றின் பசிக்குச் சூட்டிவிட்டது இந்தப் படம். அதன் தோல்வி முழுவதும் இந்தப் பெயர் மாற்றத்திலிருந்துதான் கிளம்புகிறது.

2

‘தாவ்தியே’ என்பது படக்காரர்கள் கண்டுபிடித்த சொல் இல்லை. சீனத்தின் மிகப் பழைய சொற்களில் ஒன்று. கி.மு. நான்காம் நூற்றாண்டு அளவில் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படும் ‘சுவோ சுவான்’ என்ற வரலாற்று நூலில் அது ஒரு மனிதனின் பட்டப்பெயராக வருகிறது. ஜின்யுன் என்னும் பெருங்குலத்தின் உதவாக்கரை வாரிசு அவன். குடிக்கும் தீனிக்கும் அலைபவன். பண்டங்களையும் தானியத்தையும் கணக்கில்லாமல் சேர்த்துக் குவிப்பவன். அனாதைக்கும் விதவைக்கும் ஒரு பிடி கொடுக்கமாட்டான், ஏழைக்கு இரங்கமாட்டான். அதனால் ஜனங்கள் அவனைத் தாவ்தியே என்று கூப்பிட்டார்கள் என்கிறது அந்நூல். பெயரை வைத்தவர்கள் ஜனங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மிருகம் என்ற வசை கீழேயிருந்து மேல்நோக்கி எறியப்பட்டிருக்கிறது.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘லூஷி சுன்ச்சியு’ இன்னொரு குறிப்பைத் தருகிறது. சோவ் காலத்து வெண்கலக் கலங்களில் தாவ்தியே செதுக்கப்பட்டிருக்கிறது. தலை மட்டும் உண்டு, உடம்பு இல்லை. மனிதனைத் தின்னப் பார்த்து, விழுங்கி முடிப்பதற்குள் கேடு அதன் உடம்பையே வந்து பற்றிக்கொண்டதாம். அதற்கும் முந்தைய ஷாங் காலக் கலங்களில், இரண்டு உருண்டைக் கண்களோடு நம்மையே வெறிக்கும் முகமொன்று இருக்கும். அந்த முகத்துக்கும் தாவ்தியே என்ற பெயரைப் பொருத்தியவர்கள் சோங் காலத்துப் பழம்பொருள் ஆய்வாளர்கள். அதாவது, எந்த வம்சத்தில் இந்தப் படக்கதை நடப்பதாகச் சொல்லப்படுகிறதோ அதே வம்சத்தின் அறிஞர்கள். அந்தக் கலங்கள் உழவனின் வீட்டுச் சட்டிகள் அல்ல. பலிச்சோறு படைக்க மேட்டுக்குடிகள் வைத்திருந்த கலங்கள். தின்கிறவர்களின் பாத்திரத்திலேயே தின்கிற முகம்.

இந்த வரலாறு படக்குழுவுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. படத்திலேயே வியூகத் தலைவர் வாங் (ஆண்டி லாவ்) அரைகுறையாக ஒரு கதை சொல்கிறார்: முன்னொரு காலத்தில் ஒரு பேரரசன் பேராசையால் நாட்டைத் துன்பத்தில் ஆழ்த்தினான், அதற்குத் தண்டனையாக வானிலிருந்து கல் விழுந்து மிருகங்கள் கிளம்பின. நல்ல விதை. முளைத்திருந்தால் இது வேறு படம். ஆனால் அந்த ஒரு நிமிடப் பேச்சுக்குப் பிறகு பேராசைக்காரப் பேரரசன் காணாமல் போய்விடுகிறான். தண்டனை மட்டும் தலைமுறை தலைமுறையாகச் சிப்பாய்களின் தலையில் விடிகிறது. குற்றம் செய்தவன் அரண்மனையில், தண்டனை அனுபவிப்பவன் சுவரில். இது என்ன நியாயம் என்று படத்தில் யாருமே கேட்பதில்லை. எந்தப் பாத்திரத்துக்கும் அந்தக் கேள்வி தோன்றாதபடி எல்லோரும் கவசத்துக்குள் அடைக்கப்பட்டிருக்கிறார்கள்.

இன்னொரு இடம். பிடிபட்ட மிருகம் ஒன்றைப் பேரரசருக்குக் காட்டிப் பெருமையடிக்க ஓர் அரசவைத் தூதர் தலைநகருக்குக் கொண்டுபோகிறார். அரண்மனையில் சிறுவனாகிய பேரரசர் நடுங்குகிறார். சுவர் கட்டி யுகயுகமாக வெளியே நிறுத்திய ஆபத்தை உள்ளே அழைத்து வந்தது அரசவையின் பகட்டு! கதாசிரியர்கள் தங்களை அறியாமலே பழைய தாவ்தியேயின் அர்த்தத்தைத் தொட்டுவிட்ட இடம் இது. தொட்டதும் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் மாதிரி விலகி ஓடிவிடுகிறார்கள். அடுத்த காட்சியில் பலூன்கள் பறக்கின்றன.

இதிகாசத்து அரக்கர்கள் யார், அவர்களை அரக்கர்களாக எழுதியவர்கள் யார் என்று பெரியார் வழியே கேட்டுப் பழகிய வாசகர்களுக்கு இந்தப் பெயர் மாற்றத்தின் அரசியலை நான் விளக்க வேண்டியதில்லை.

3

வரலாற்றுப் படம் என்றால் ஆண்டுக்கணக்கு தப்பக் கூடாது என்று பிடிவாதம் பிடிக்கிறவன் அல்ல நான். ஆனால் ஒரு படம் எந்த வரலாற்றைத் தூக்கியெறிந்தால் தன் கதைக்கு வசதி என்று நினைக்கிறதோ, அந்த இடத்தில் அதன் கருத்தியல் வெளியே தெரிகிறது.

ரென்சோங் 1022 முதல் 1063 வரை ஆண்டவர். அவர் காலத்தில் பெருஞ்சுவரின் முக்கியமான வடகிழக்குப் பகுதிகள் சோங் அரசின் கையிலேயே இல்லை. இன்றைய பெய்ஜிங்கை உள்ளடக்கிய ‘பதினாறு மாவட்டங்கள்’ 938இலேயே கித்தான்களின் லியாவ் அரசுக்குப் போய்விட்டன. படத்தில் நாம் பார்க்கும் மாதிரியான செங்கல்லும் கல்லுமான சுவர் 1368க்குப் பின் வந்த மிங் வம்சத்தார் கட்டியது. போகட்டும், சுவரை இடம் மாற்றிக்கொள்ளட்டும். அதைவிட முக்கியமானது வேறு. 1005இல் சோங் அரசு கித்தான்களோடு சான்யுவான் என்ற இடத்தில் உடன்படிக்கை செய்துகொண்டது. ஆண்டுதோறும் 1,00,000 தேல் வெள்ளியும் 2,00,000 சுருள் பட்டும் கொடுப்பதாக ஒப்பந்தம். 1042இல், இதே ரென்சோங் காலத்தில், அது 2,00,000 தேல் வெள்ளி, 3,00,000 சுருள் பட்டு என்று உயர்ந்தது. அதாவது நிஜ ரென்சோங்கின் வடக்கு எல்லையை நூறாண்டுக்கு மேல் பெரும்பாலும் அமைதியாக வைத்திருந்தது சுவர் அல்ல. பேரம், தூது, கணக்குப் புத்தகம், குடியானவப் பெண்கள் நூற்று நெய்த பட்டு.

பேரம் பேச முடிகிற எதிரி மனிதன். அவனுக்கு மொழி உண்டு, ஆசை உண்டு, அவன் பக்கத்து நியாயமும் கொஞ்சம் இருக்கும். அவனோடு சண்டை போட்டால் ஏன் போடுகிறோம் என்று ஒருநாள் கேள்வி வரும். மிருகத்தோடு அந்தத் தொந்தரவு இல்லை. மிருகத்தைக் கொல்லக் காரணம் தேவையில்லை, கொன்றபிறகு துக்கமும் தேவையில்லை. எல்லையில் வாழ்ந்த நிஜ மனிதர்களைப் பெயர்த்தெடுத்துவிட்டு அந்த இடத்தில் மிருகத்தை வைப்பதால் கிடைக்கும் லாபம் இதுதான். எல்லை நிலத்து மக்கள் இந்தப் படத்தில் குதிரையேறிய கொள்ளையர்களாக மட்டும் தலைகாட்டுகிறார்கள். அவர்களும் தின்னப்படுவதற்கு அல்லது வில்லியமைத் துரத்துவதற்குத்தான்.

வெடிமருந்து விஷயத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. வெடிமருந்து யார் கைக்கும் போகக் கூடாத பரம ரகசியம் என்பது படத்தின் இன்னொரு சரடு. வெடிமருந்துக்கான கலவை முறைகளைத் தரும் மிகப் பழைய நூல்களில் ஒன்று ‘வூஜிங் ஸோங்யாவ்’. 1044இல் தொகுக்கப்பட்டது. தொகுக்கச் சொன்னது இதே ரென்சோங்கின் அரசவை. படைக்கலம் செய்யும் பட்டறையின் கரிபிடித்த உலகம் அதில் இருக்கிறது. கந்தகமும் வெடியுப்பும் கரியும் எந்தக் கைகளால் இடிக்கப்பட்டன? படத்தில் வெடிமருந்து உண்டு. அதை இடித்த கைகள் இல்லை.

4

இதே கேள்வியைச் சுவரைப் பார்த்தும் கேட்கலாம். படத்தின் பெயரே சுவர். படத்தின் தொடக்க எழுத்துகள் சுவரின் நீளத்தைச் சொல்கின்றன, கட்டி முடிக்க எத்தனை நூற்றாண்டு பிடித்தது என்பதைச் சொல்கின்றன. கட்டியவர்களைப் பற்றி ஒரு சொல் கிடையாது. சுவருக்குள் பிரமாண்டமான இயந்திரங்கள் இருக்கின்றன, சக்கரங்கள் சுழல்கின்றன, கத்திகள் நீள்கின்றன. ஒரு கொத்தனாரும் இல்லை, ஒரு கல்லுடைப்பவரும் இல்லை. பெருஞ்சுவரின் கொத்தனார்களைப் பற்றி பிரெக்ட் தன் 1935ஆம் ஆண்டுக் கவிதையில் எழுப்பிய கேள்வி நம் சிறுபத்திரிகை வாசகர்களுக்குப் பழக்கமானதுதான். சீனர்கள் அதற்கு வெகு காலத்துக்கு முன்பே அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்.

ச்சின் பேரரசன் தன் தளபதி மெங் தியானை 3,00,000 பேருடன் வடக்கே அனுப்பி எல்லைச் சுவர்களை இணைத்துக் கட்டச் செய்தான் என்று எழுதுகிறார் சீமா ச்சியன். பேரரசன் செத்ததும் மெங் தியானையும் சாகச் சொல்கிறது அரண்மனை. ‘மலைகளை வெட்டிச் சுவர் கட்டியபோது பூமியின் நரம்புகளை அறுத்துவிட்டேன், அந்தப் பாவம்தான்’ என்கிற மாதிரி அவன் நொந்துகொண்டு நஞ்சு குடிக்கிறான். சீமா ச்சியன் இதை ஏற்கவில்லை. தானே வடக்கு எல்லைக்குப் போய் அந்தச் சுவர்களையும் சாலைகளையும் நேரில் பார்த்தவர் அவர். பூமியின் நரம்பாவது மண்ணாவது, ஜனங்களின் உழைப்பைத் துச்சமாக மதித்ததுதான் குற்றம் என்பது அவருடைய தீர்ப்பு. அரசனுடைய கோபத்தைத் தன் உடம்பில் தண்டனையாகச் சுமந்த வரலாற்றாசிரியன் இருபது நூற்றாண்டுக்கு முன்பே எழுதிவிட்டுப் போனது இது.

கி.மு. 209இல் வடக்கு எல்லைக் காவலுக்காகப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட 900 பேர் வழியில் மழையில் சிக்கிக்கொண்டார்கள். குறித்த நாளுக்குப் போய்ச் சேராவிட்டால் மரண தண்டனை. போனாலும் சாவு, எதிர்த்தாலும் சாவு என்றானபோது சென் ஷெங்கும் வூ குவாங்கும் எதிர்த்தார்கள். ச்சின் அரசை ஆட்டிப்பார்த்த முதல் பெரிய குடியானவர் எழுச்சி அதுதான். எல்லைக்குப் போய்ச்சேராத வீரர்களின் கதை! போர்வீரர் படம் எடுக்க இதைவிட என்ன வேண்டும்?

சீன நாட்டார் மரபு இன்னும் ஒரு படி மேலே போகிறது. மெங் ஜியாங் என்ற பெண்ணின் கதை நூற்றாண்டுகளாகப் பாட்டாகவும் கூத்தாகவும் சொல்லப்பட்டு வருவது. சுவர் கட்டப் பிடித்துப்போகப்பட்ட புருஷனுக்குக் குளிருடை எடுத்துக்கொண்டு அவள் அத்தனை தூரம் நடந்து வருகிறாள். அவன் செத்துச் சுவருக்குள் புதைந்துபோனான் என்று தெரிந்து அழுகிறாள். அழுகையில் சுவர் இடிகிறது. எலும்புகள் வெளியே வருகின்றன. ஜனங்களின் கற்பனையில் பெருஞ்சுவர் இப்படித்தான் இருக்கிறது: காக்கும் சுவராக அல்ல, தின்னும் சுவராக. அதுதான் தாவ்தியே. அந்த மிருகத்தை வீழ்த்தியவள் கையில் ஈட்டி இல்லை.

காஃப்கா 1917இல் எழுதிய சீனப் பெருஞ்சுவர்க் கதையில் சுவர் துண்டு துண்டாக, நடுவே இடைவெளி விட்டுவிட்டுக் கட்டப்படுகிறது. இடைவெளி உள்ள சுவர் எப்படிக் காக்கும் என்ற சந்தேகம் கதைசொல்லிக்கே வருகிறது. சுவர் வெளியே இருப்பவனைத் தடுப்பதற்கு முன்னால் உள்ளே இருப்பவனை ஒழுங்குபடுத்துகிறது என்று அக்கதையை வாசிக்கலாம். ஜாங் யிமூவின் படமும் இதைத்தான் காட்டுகிறது. ஒரே வித்தியாசம், இவர் அதைக் கொண்டாடுகிறார்.

5

கொண்டாட்டம் என்று சொன்னேன். அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏனென்றால் படத்தில் நன்றாக வந்திருப்பவையும் அங்கேதான் இருக்கின்றன.

சும்மா சொல்லக் கூடாது, முதல் தாக்குதல் காட்சி கண்ணைக் கட்டிப்போடுகிறது. முரசு அதிர்கிறது. சிவப்புக் கவசத்தில் கழுகுப் படை வில் வளைக்கிறது, கறுப்புக் கவசத்தில் கரடிப் படை மதிலோரம் நிற்கிறது. நீலக் கவசத்தில் கொக்குப் படைப் பெண்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஈட்டியோடு மதிலிலிருந்து தலைகீழாகப் பாய்கிறார்கள். பாய்ந்தவள் ஈட்டியில் ரத்தத்தோடு திரும்பி வருகிறாள், அல்லது வெறும் கயிறு வருகிறது. தளபதி ஷாவ் இறந்தபோது இரவு வானம் முழுக்க விளக்குகள் மிதந்து போகும் காட்சியும் அழகு. ஒரு வர்ணக்காரனின் கை இன்னும் செத்துப்போகவில்லை என்பது தெரிகிறது.

ஆனால் அந்த வர்ணங்கள் முன்பு என்ன வேலை செய்தன? ‘ஜூ டூ’வில் (1990) சாயப்பட்டறையின் உயரத்திலிருந்து சரசரவென்று சரிந்து விழும் துணிகளின் நிறம், கிழட்டுப் புருஷனின் வீட்டுக்குள் அடைபட்ட ஒரு பெண்ணின் தாபம். ‘ரெட் சோர்க’த்தில் சோளக்கொல்லையின் சிவப்பு மதுவாகிறது, ரத்தமாகிறது, கடைசியில் சூரியனாகிறது. அங்கே சண்டை போட்டவர்களுக்குக் கவசம் இல்லை. சாராயம் காய்ச்சும் கூலியாட்கள் அவர்கள். சாராய ஜாடியையே வெடியாக்கி ஜப்பானிய ராணுவ லாரியை எதிர்த்தார்கள். எதிரி மிருகம் போல நடந்துகொண்ட மனிதன், மனிதனாகவே காட்டப்பட்டான். அதனால்தான் அந்தக் கொடூரம் உறைத்தது.

‘ரெய்ஸ் தி ரெட் லான்டர்’னை (1991) நினைத்துப் பாருங்கள். எந்த மனைவியின் முற்றத்தில் விளக்கேற்றுவது என்று எஜமானன் தீர்மானிக்கிறான். விளக்கு ஏறுகிறது, அணைகிறது, கறுப்புத் துணி போட்டு மூடப்படுகிறது. நேர்க்கோட்டில் நிற்கும் அந்தச் சிவப்பு விளக்குகள் எவ்வளவு அழகோ அவ்வளவு பயங்கரம். ஒழுங்கின் அழகே ஒரு வன்முறை என்று நமக்குக் கண்ணால் கற்றுக்கொடுத்த படம் அது. அதே கை இன்று வர்ணவாரியாகப் படைப்பிரிவுகளை அடுக்குகிறது. இப்போது ஒழுங்கு ஒழுங்காகவே அழகு. பயங்கரம் முழுவதையும் சுவருக்கு அந்தப்புறம் கொட்டியாகிவிட்டது. இதற்கு நடுவில் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸின் தொடக்க விழாவும் நடந்தது என்பதை மறக்க முடியாது. ஒரே தாளத்தில் முரசறைந்த 2008 பேரை அங்கே நிறுத்தியவரும் இவர்தான்.

வீழ்ச்சி 2016இல் திடீரென்று வந்ததும் இல்லை. ‘ஹீரோ’வில் (2002) ச்சின் மன்னனைக் கொல்ல வந்த வீரன், நாடு ஒன்றாக வேண்டும் என்பதற்காக மன்னனை விட்டுவிட்டு அம்புமழையில் சாகிறான். அந்த மன்னன் ஜனங்களைக் காக்கப் பெருஞ்சுவர் கட்டினான் என்று கடைசி எழுத்துகள் சொல்லும். சென் ஷெங்கையும் மெங் ஜியாங்கையும் சீமா ச்சியனையும் ஒரே வரியில் அழித்த எழுத்துகள். அந்த வீரனின் பெயர் ‘பெயரற்றவன்’. பதினான்கு வருஷம் கழித்து ‘பெயரற்ற படை’. அவன் பெருகிச் சேனையாகிவிட்டான், அவ்வளவுதான்.

பசியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. ‘டு லிவ்’ (1994) பசியின் படம். 1958இன் எஃகு உருக்கும் வெறியில் தூக்கம் கெட்டுச் சுருண்டு கிடக்கும் சிறுவனைத் தகப்பனே பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போகிறான். அங்கே சுவர் இடிந்து பையன் சாகிறான். டிபன் பாத்திரத்தில் அம்மா கொடுத்தனுப்பிய கொழுக்கட்டைகள் அப்படியே இருக்கின்றன. பிறகு கலாச்சாரப் புரட்சி காலத்தில் மகளுக்குப் பிரசவம். தண்டனையில் பட்டினி கிடந்த மருத்துவரைத் தேடிப் பிடித்து வருகிறார்கள். பசி தாங்காமல் அவர் ரொட்டிகளை அள்ளித் தின்று மூச்சு முட்டி விழுந்துவிடுகிறார். மகள் ரத்தம் போய்ச் சாகிறாள். அந்த மருத்துவரை வெறுக்க முடியுமா நம்மால்? பசித்தவன் தின்கிற அந்தக் காட்சியில் ஒரு காலத்தின் அரசியல் முழுதும் இருந்தது. சீனத்தில் திரையிட அனுமதிக்கப்படாத படம் அது. பசிக்கு மனித முகம் கொடுத்த அதே இயக்குநர் இருபத்திரண்டு ஆண்டு கழித்துப் பசிக்கு வரிவரியாகப் பல்லும், தோளில் கண்ணும் வைத்திருக்கிறார். என் ஏமாற்றம் இங்கேதான் இருக்கிறது. கிராபிக்ஸில் இல்லை.

6

ஒரு நண்பர் கேட்டார்: “ஏம்ப்பா, பாப்கார்ன் தின்னுகிட்டே பாக்குற ராட்சசப் படம் இது. இதுக்குப் போயி சீமா ச்சியன், மெங் ஜியாங்னு எதுக்கு இவ்வளவு பாரம் ஏத்துற?”

நியாயமான கேள்வி. ராட்சசப் படங்கள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நல்ல ராட்சசப் படம் ஒரு சமூகத்தின் பயத்தை வெளியே எடுத்து வைக்கும். அந்தப் பயம் யாரைப் பார்த்து, ஏன் என்பதை நாம் தெரிந்துகொள்ளலாம். 1954இல் வந்த ஜப்பானின் ‘காட்ஜில்லா’வில் அணுகுண்டின் பயம் இருந்தது. அந்தப் பயத்துக்கு முகவரி இருந்தது. ‘தி கிரேட் வால்’ மிருகத்துக்கு முகவரி இல்லை. அதைக் கவனமாக அழித்திருக்கிறார்கள். ஏன்?

பணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாதி விளங்கும். படத்தைத் தயாரித்த லெஜண்டரி நிறுவனத்தை 2016 ஜனவரியில் சீனத்தின் வாண்டா குழுமம் சுமார் 350 கோடி டாலருக்கு வாங்கியது. ஹாலிவுட்டின் கதைக்கருவி, சீனத்தின் திரையரங்குச் சந்தை, அரசுத் திரைப்பட நிறுவனத்தின் பங்கு. இரண்டு பக்கத்துக் கல்லாவும் நிரம்ப வேண்டும், இரண்டு பக்கத்துத் தணிக்கையும் முகம் சுளிக்கக் கூடாது. மனித எதிரி யாராக இருந்தாலும் யாராவது ஒருவர் கோபித்துக்கொள்வார். மிருகத்துக்குத் தூதரகம் கிடையாது.

வெள்ளைக்கார ரட்சகன் என்ற விமர்சனம் படம் வருவதற்கு முன்பே, 2016 ஜூலையில், நடிகை கான்ஸ்டன்ஸ் வூ எழுப்பியது. அது ஒரு சீன நடிகருக்காக எழுதப்பட்ட பாத்திரமே அல்ல என்று ஜாங் யிமூ பதில் சொன்னார். இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ராணியை வீழ்த்துவதில் வில்லியமின் பங்கைப் படம் பெருமையாகத்தான் காட்டுகிறது. அதே சமயம், காசுக்காகப் பல கொடிகளின் கீழ் சண்டை போட்ட அந்தக் கூலிக்காரன் ‘நம்பிக்கை’ என்ற சீனச் சொல்லைக் கற்றுக்கொண்டு, மதிலிலிருந்து குதிக்கப் பழகி, படைக்கட்டுப்பாட்டின் முன் மனம் மாறுகிறான். வெள்ளைக்காரன் சீனாவைக் காப்பாற்றுகிறான், சீன ஒழுங்கு வெள்ளைக்காரனைக் காப்பாற்றுகிறது. கொடுக்கல் வாங்கல் சரியாகிவிட்டது. இந்தக் கணக்கில் வராத ஆள் சாதாரணச் சிப்பாய்தான். பெங் யோங் என்றொரு பயந்த பையன் வருகிறான். அவன் பயமே படத்தில் இருக்கும் ஒரே நிஜமான உணர்ச்சி. அவனையும் கடைசியில் தியாகியாக்கி முடித்துவிடுகிறார்கள். பயப்படக்கூட உரிமை இல்லை.

‘நம்பிக்கை’ என்ற அந்தச் சொல்லையும் சந்தேகிக்க வேண்டும். யார் யாரை நம்புவது? கொக்குப் படைப் பெண் கயிற்றை நம்பிக் குதிக்கிறாள். கயிற்றைச் சுற்றும் ஆட்களை நம்புகிறாள். சரி. அரண்மனை அவளை நம்புகிறதா, அவளிடம் எதையாவது கேட்கிறதா? ஒருபக்கம் மட்டும் ஓடும் நம்பிக்கைக்குக் கீழ்ப்படிதல் என்று பெயர். இதில் படம் தன்னையே காட்டிக்கொடுக்கும் விஷயம் ஒன்று உண்டு. காந்தக்கல் பக்கத்தில் இருந்தால் ராணியின் கட்டளை எட்டாமல் மிருகம் சாதுவாகிவிடுகிறது! அப்படியானால் கொலைவெறி மிருகத்தின் சுபாவம் அல்ல, மேலிடத்து உத்தரவு. அந்தப் பக்கம் ராணியின் அதிர்வு, இந்தப் பக்கம் முரசின் அதிர்வு. அந்தப் பக்கம் தின்பதைக் கொண்டுபோய் ராணிக்குக் கொட்டுகிறார்கள், இந்தப் பக்கம் உயிரைக் கொண்டுபோய்ச் சிம்மாசனத்துக்குக் கொட்டுகிறார்கள். இரண்டு சேனைகளும் கண்ணாடிக்கு எதிரெதிரே நிற்கின்றன. படம் கண்ணாடியைப் பார்க்க மறுக்கிறது. பார்த்திருந்தால், காந்தக்கல்லை மிருகத்தின் பக்கத்தில் வைத்தவர்கள் ஒருமுறை சிப்பாயின் பக்கத்திலும் வைத்துப் பார்த்திருப்பார்கள்.

7

உலகம் முழுக்கச் சுமார் 33 கோடி டாலர் வசூலானது. அதில் பாதி சீனத்திலிருந்து வந்தது. ஆனாலும் படம் வெளியான சில நாட்களில் சீன ரசிகர்கள் இணையதளங்களில் குறைந்த மதிப்பெண் போட்டுத் தாளித்துவிட்டார்கள். ‘ஜாங் யிமூ செத்துவிட்டார்’ என்று ஒரு விமர்சகர் எழுத, படத்தயாரிப்பில் பங்குகொண்ட சீன நிறுவனம் கொதித்தது. மதிப்பெண் தளங்கள் உள்நாட்டுச் சினிமாத் தொழிலைக் கெடுக்கின்றன என்று அதிகாரப்பூர்வப் பத்திரிகைத் தரப்பிலிருந்தே கண்டனம் கிளம்பியது. அடுத்து, ஒற்றை நட்சத்திரத்தையும் தாங்கிக்கொள்ளும் வயிறு வேண்டும் என்ற மறுகுரலும் அதே தரப்பிலிருந்து வந்தது. எனக்கு இந்தக் கூத்து படத்தைவிடச் சுவாரஸ்யமாக இருந்தது. டிக்கெட் வாங்கியவன் நன்றாக இல்லை என்று சொன்னால் அவன் சுவரைக் குடைகிறவனாகிவிடுகிறான். திரைக்குள் இருந்த சுவர் கொட்டகைக்கும் நீண்டுவிட்டது.

நிஜச் சுவர் எப்படி விழுந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மிங் வம்சத்தின் கடைசித் தலைநகர் பெய்ஜிங் 1644இல் வீழ்ந்தபோது அதைப் பிடித்தது வெளியிலிருந்து வந்த யாரும் அல்ல. பஞ்சத்தாலும் வரியாலும் நொறுங்கிய உள்நாட்டுக் குடியானவர்கள், லி ஸீசெங்கின் தலைமையில் வந்தவர்கள். அதன்பின் மஞ்சுக்கள் சுவரை மோதி உடைக்கவில்லை. ஷான்ஹாய் கணவாயில் காவலிருந்த தளபதி வூ சான்குய் அவர்களோடு சேர்ந்துகொண்டு கதவைத் திறந்துவிட்டான். குடியானவர் படையிடமிருந்து தப்பிக்க மேலிடத்தார் எதிரியையே உள்ளே அழைத்துக்கொண்டார்கள். உள்ளே இருந்த பசிதான் அவர்களை அதிகம் பயமுறுத்தியது.

இன்றும் எல்லைகளில் சுவர் எழுப்புகிறவர்கள் வெளியே வருகிறவர்களைக் கூட்டம் என்றும் வெள்ளம் என்றும் பூச்சி என்றும்தான் வர்ணிக்கிறார்கள். இந்த மொழிக்குப் படங்கள் தேவைப்படுகின்றன. கண்ணுக்கெட்டிய தூரம்வரை பச்சையாக நெளியும் பசித்த வாய்கள் என்ற பிம்பம் எவனோ ஒரு அமைச்சரின் பேச்சில் நாளைக்கு உதவும். ஆகவே இது வெறும் பாப்கார்ன் சமாச்சாரம் இல்லை.

பழைய நூலில் தாவ்தியேயின் கதை எப்படி முடிகிறது என்பதை இன்னும் சொல்லவில்லை. தானியத்தைப் பதுக்கிய அந்தப் பெருங்குல வாரிசை ஷுன் என்ற அரசர் நாட்டின் எல்லைக்குத் துரத்துகிறார். அங்கே போய்ப் பேய்பிசாசுகளைத் தடுத்துக்கொண்டு கிட என்பது தண்டனை. அதாவது, பழைய கதையில் எல்லையில் காவல் நிற்க வேண்டியவன் கொழுத்தவன். குடியானவன் மகன் இல்லை. ஜாங் யிமூவிடம் இந்தக் கதை இருந்தது. 15 கோடி டாலரும் இருந்தது. அடுத்தமுறை யாராவது ஒரு சுவரைக் காட்டி, அதற்கு அந்தப்பக்கம் மிருகம் இருக்கிறது என்று சொன்னால் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தானியக் கிடங்கு எந்தப்பக்கம் இருக்கிறது? சாவி யாரிடம்?